ஹெல்லெபோர்: குளிர்கால வெயிலும் கோடை நிழலும்

இங்கிலாந்தின் தோட்டக் கடைகளில் ஜனவரி பிறந்ததும் வாசலிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் செடி ஹெல்லெபோர். தோட்டத்தில் வேறு எதுவும் பூக்காத மாதம் அது. வெள்ளை, வெளிர் பச்சை, மங்கிய ரோஜா நிறம், கறுப்பை நெருங்கும் ஊதா என்று பூத்து நிற்கும் தொட்டிகளைக் கடந்து வெறுங்கையோடு போவது கடினம். தொட்டியில் செருகிய அட்டையில் நிழலுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும். வாங்கியவர் வீட்டுக்கு வந்து, எதை வைத்தாலும் தேறாத மூலை ஒன்றைத் தேடுவார். வடக்கு மதிலோரமோ, வேலிக்காக வைத்த ஊசியிலை மரத்தின் அடியோ அகப்படும். அங்கே நட்ட செடி எளிதில் சாகாது. இலையை மட்டும் காட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உரம் போதவில்லை என்பார் ஒருவர். மண்ணில் சுண்ணாம்பு இல்லை என்பார் இன்னொருவர். இலையை வெட்டியதால்தான் என்றும், வெட்டாததால்தான் என்றும் இரு கட்சிகள் உண்டு. ஒன்றோடொன்று மோதும் இந்த அறிவுரைகளைச் செடியின் பிறந்த ஊரோடும் அதன் உடலமைப்போடும் ஒட்டிப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல்கள் அவிழ்ந்துவிடுகின்றன. என் கணிப்பில் முதல் குற்றவாளி அந்த அட்டைதான். ஹெல்லெபோர் நிழல்செடி என்பது ஆண்டின் ஒரு பாதிக்கு மட்டுமே பொருந்துகிற உண்மை.

ஹெல்லெபோரஸ் பேரினத்தில் சுமார் 20 இனங்கள். கிறிஸ்துமஸ் ரோஜா, லெண்டன் ரோஜா என்றெல்லாம் வழங்கினாலும் ரோஜாவுக்கும் இதற்கும் உறவில்லை. ரனன்குலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் சமையலிலும் மருந்திலும் சேர்க்கும் கருஞ்சீரகம் இதற்குப் பங்காளி முறை. இனங்களில் பெரும்பாலானவை ஸ்லோவேனியா, குரோவேஷியா, பாஸ்னியா, மாண்டெனெக்ரோ என்று பால்கன் நாடுகளில் செறிந்து கிடக்கின்றன. அங்கே அடர்ந்த காட்டின் நடுவில் இவற்றைத் தேடிப் பயனில்லை. காட்டின் விளிம்பு, ஹேசல் புதர்களுக்கு இடைப்பட்ட புல்வெளி, சுண்ணாம்புப் பாறைச் சரிவு, மரம் வெட்டி வெளிச்சம் விழுந்த திட்டு ஆகியவைதான் இருப்பிடம். மரங்கள் எல்லாம் இலையுதிர்ப்பவை: ஓக், பீச், ஹார்ன்பீம். நவம்பரில் இலை கொட்டிய காட்டுத் தரையில் ஏப்ரல் கடைசி வரை நேரடி வெயில் விழும். ஹெல்லெபோர் மொட்டு விடுவதும் பூப்பதும் காய் பிடிப்பதும் அந்த இடைவெளியில். மேலே மரம் துளிர்த்துக் கூரை மூடும்போது இதன் பெரிய வேலை முடிந்திருக்கும். பீச் மரக் காட்டில் முழுக் கூரை மூடிய பிறகு தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் சில சதவீதமே. அந்த அரையிருட்டில் செடி தாக்குப்பிடிக்கிறது, கோடை வெப்பத்திலிருந்தும் வறட்சியிலிருந்தும் தப்பிக்கிறது. உழைப்புக்கான வெளிச்சத்தை அது முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. பல இனங்களின் இலைகள் குளிர்காலத்திலும் பச்சையாக நிற்பதன் பயன் இதுதான்: பனிக்கிடையே வருகிற ஒவ்வொரு வெயில் நாளும் வரவில் சேரும்.

இந்தப் பொதுச் சித்திரத்துக்குள் அடங்காத இனங்களும் இருக்கின்றன. குழப்பமான அறிவுரைகள் பலவும் எல்லா ஹெல்லெபோரையும் ஒரே செடியாக எண்ணியதால் வந்தவை. கிறிஸ்துமஸ் ரோஜா எனப்படும் நைஜர் இனம் ஆல்ப்ஸ் மலைச் சுண்ணாம்பு நிலத்துக்குரியது. வெள்ளைப் பூ, கறுத்த வேர். லெண்டன் ரோஜா எனப்படும் ஓரியன்டாலிஸ் இனம் வடக்குத் துருக்கி, காகசஸ் பகுதிகளைச் சேர்ந்தது. தவக்காலத்தை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். கடைகளில் அதே பெயரில் விற்கப்படுபவை ஏறக்குறைய அனைத்தும் பல இனங்கள் கலந்த தோட்டக் கலப்பினங்கள், ஹிப்ரிடஸ் என்று தொகுக்கப்படுபவை. கோர்சிகா, சார்டினியா தீவுகளின் ஆர்குட்டிஃபோலியஸ், மயோர்காவின் லிவிடஸ் ஆகியவை மத்தியதரைக் கடல் வெயிலில் வளர்ந்தவை. இவற்றை நிழலில் வைத்தால் தண்டு நீண்டு சரிந்துவிடும், லிவிடஸ் கடும் பனியையும் தாங்காது. தெற்குத் துருக்கியிலும் சிரியாவின் ஓரத்திலும் வாழும் வெசிகாரியஸ் கோடையில் மண்ணுக்கு மேல் தடமே இல்லாமல் உறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் வெகுதூரத்தில், சீனத்தின் சிச்சுவான் பக்கத்து மலைகளில் ஒன்று தனித்து நிற்கிறது: திபெத்தானஸ். பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட் 1869இல் அதைச் சேகரித்தார். அதே ஆண்டு, அதே மலைப்பகுதியிலிருந்துதான் ராட்சத பாண்டாவையும் அவர் ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். பாண்டாவுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட இந்த இளஞ்சிவப்புப் பூவுக்குக் கிடைக்கவில்லை. மேற்கத்தியத் தோட்டங்களுக்கு அது பரவலாக வந்துசேர இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி ஆயிற்று.

பராமரிப்பைப் பொறுத்தவரை இத்தனை இனங்களையும் இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொண்டால் போதும். ஒரு கட்சிக்குத் தரைக்கு மேல் தண்டு உண்டு: முதல் ஆண்டு இலைத்தண்டு எழும், அடுத்த குளிர்காலத்தில் அதே தண்டின் உச்சியில் பூங்கொத்து வரும், காய்த்ததும் அந்தத் தண்டு மடியும். இங்கிலாந்துக் காடுகளிலும் தானாக வளரும் ஃபோட்டிடஸ், ஆர்குட்டிஃபோலியஸ், லிவிடஸ் இந்த வகை. மறு கட்சிக்குத் தண்டு மண்ணுக்குள் மட்டத்தண்டாகக் கிடக்கும்; இலையும் பூக்காம்பும் தனித்தனியே தூரிலிருந்து எழும். ஹிப்ரிடஸும் பெரும்பாலான பால்கன் இனங்களும் இந்தப் பக்கம். எதை எப்போது வெட்டுவது, எதைத் தூர் பிரிக்கலாம் என்ற கேள்விகளுக்கு விடை இந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது.

பிப்ரவரி மாதம் தலை கவிழ்ந்து தொங்கும் பூ ஒன்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தால், இச்செடி எவ்வளவு சிக்கனமானது என்று தெரியும். நாம் இதழ் என்று நினைக்கும் ஐந்தும் புல்லிகள். உண்மையான அல்லிகள் சுருங்கி, உள்ளே வட்டமாக நிற்கும் சிறு குழல்களாகிவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு தேன் கிண்ணம். அவற்றுக்கு உட்புறம் மகரந்தத் தாள்களின் அடர்ந்த கூட்டம், நடுவில் சில சூலகங்கள். சூல்முடி முதலில் தயாராகும். மகரந்தம் சில நாள் கழித்தே உதிரும். தன் மகரந்தம் தனக்கே படுவதைக் குறைக்க இப்படியொரு ஏற்பாடு. பூ கவிழ்ந்திருப்பதால் மழையும் பனியும் உள்ளே போவதில்லை, தேன் நீர்த்துப் போவதில்லை.

கருவுற்ற பிறகு மகரந்தத் தாளும் தேன் குழலும் உதிர்ந்துவிடும். புல்லிகள் உதிராது. வெள்ளையாக இருந்த நைஜர் பூ பச்சையாகும். பச்சையம் ஏறி இலையைப் போல வேலை செய்யத் தொடங்கும். பூ இரண்டு மூன்று மாதம் நீடிப்பதாக விற்பனையாளர்கள் சொல்வது இந்தப் புல்லிகளை வைத்துத்தான். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் கார்லோஸ் ஹெர்ரேரா ஃபோட்டிடஸ் இனத்தில் இந்தப் புல்லிகளை நீக்கிப் பார்த்தபோது விதைகள் சிறுத்துப் போயின. காய் முதிரும்வரை அவை சோறு போடுகின்றன.

அதே ஆய்வாளர் மரியா போஸோவுடன் சேர்ந்து 2010இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இன்னும் விசித்திரமானது. தென்கிழக்கு ஸ்பெயினின் கஸோர்லா மலைகளில் குளிர்காலத்தில் பூக்கும் ஃபோட்டிடஸ் பூக்களின் தேனில் ஈஸ்ட்டுகள் குடியேறுகின்றன. அவை சர்க்கரையைச் சிதைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. ஈஸ்ட் உள்ள தேன்சுரப்பி சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி சூடாக இருக்கிறது. குளிரில் பறந்து வரும் பம்பிள்பீ வண்டுக்குச் சூடான பானம்! ஆனால் கதை அவ்வளவு இனிப்பாக முடியவில்லை. சில ஆண்டு கழித்து அதே குழு செய்த சோதனையில், ஈஸ்ட் கலந்த தேனை வண்டுகள் விரும்பித் தேடினாலும் அந்தப் பூக்களின் விதை உற்பத்தி குறைந்தது தெரியவந்தது. சர்க்கரையும் போய் விதையும் குறைந்தால் செடிக்கு நட்டம்தானே. இயற்கையில் ஒருவர் ஒருவருக்கு உதவுகிறார்கள் என்று அவசரப்பட்டு எழுதுபவர்கள் இரண்டாவது ஆய்வையும் படிப்பது நல்லது.

இந்த உடலமைப்பைத் தெரிந்துகொண்ட பிறகு நிழல் தோட்டத்துக்கு வருவோம். நிழலில் மூன்று வகை இருக்கிறது, மூன்றும் ஒன்றில்லை. இலையுதிர் மரத்தின் நிழல்தான் ஹெல்லெபோருக்கு ஊர் நிழல். ஆப்பிள், ஹேசல், விட்ச் ஹேசல் போன்ற இலேசான கிளையமைப்பு கொண்டவற்றின் அடியில், அடிமரத்தை விட்டுக் கிளை விளிம்பை நோக்கி நகர்த்தி நட்டால் குளிர்கால வெயிலும் கோடைக் குளிர்ச்சியும் இரண்டுமே கிடைக்கும். இரண்டாவது கட்டட நிழல். வடக்கு மதிலோரம் ஆண்டு முழுவதும் நேரடி வெயில் குறைவு. ஆனால் மேலே வானம் திறந்திருந்தால் பரவிய வெளிச்சம் ஓரளவு கிடைக்கும். பூ குறையும், முற்றிலும் நிற்காது. மதிலிலிருந்து இரண்டடி தள்ளி நடுவது முக்கியம், ஏனென்றால் மதிலடியில் மழை விழுவதில்லை. மூன்றாவது ஊசியிலை மரமும் லாரல் போன்ற பசுமை மாறாப் புதர்களும் தரும் நிழல். குளிர்காலத்திலும் திறக்காத கூரை, மேல்மண் முழுக்க வேர், எப்போதும் வறட்சி. இங்கே நடாதீர்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவுமில்லை. ஃபோட்டிடஸ் மட்டும் விதிவிலக்காகச் சில இடங்களில் சமாளிக்கிறது. ஆங்கிலேய இயற்கை ஆர்வலர் கில்பர்ட் வைட் 1789இல் வெளிவந்த செல்போர்ன் நூலில், தன் ஊர்க் காடுகளில் அது பரவலாக வளர்வதையும் நிழல் நடைபாதைகளுக்கு அது அழகூட்டும் என்பதையும் குறித்திருக்கிறார். சுண்ணாம்புச் சரிவில் பீச் மரங்களுக்கு அடியில் தானாக வளரும் செடிக்கு ஓரளவு வறண்ட நிழல் புதிதில்லை.

மண்ணைப் பற்றிய வாதம் பெரும்பாலும் சுண்ணாம்பைச் சுற்றியே நடக்கிறது. காட்டில் பல இனங்கள் சுண்ணாம்புப் பாறையில் வளர்வதால் தோட்ட மண்ணிலும் சுண்ணாம்பு தூவ வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. நைஜர் விஷயத்தில் அதற்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. அமில மண்ணில் அது நலிகிறது. ஹிப்ரிடஸ் இலேசான அமிலத்திலிருந்து காரம் வரை எதிலும் வளரும். அதற்கு வேண்டியது வடிகால். சுண்ணாம்புப் பாறைச் சரிவில் மழைநீர் நிற்காது என்பதுதான் அந்தக் காட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். குளிர்காலத்தில் நீர் தேங்கும் களிமண்ணில் தூர் அழுகும். களிமண் தோட்டத்தில் இலைமட்கும் பருமணலும் கலந்து, பாத்தியைச் சற்று உயர்த்தி நடுவது போதும். வேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால் குழி குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தி இளக்கப்பட வேண்டும். மேல் மண்ணில் ஒரு கை அளவுக்குக் குழி பறித்துத் தொட்டிச் செடியை அமுக்கிவிட்டுப் போவது, செடிக்குத் தொட்டியையே மாற்றாமல் விடுவதற்குச் சமம்.

குழி ஆழமாக இருக்க வேண்டும். செடி ஆழமாக இறங்கக் கூடாது. தூரில் தெரியும் மொட்டுக் கண்கள் மண் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும், அதிகம் போனால் 2 செ.மீ. மண் மேலே இருக்கலாம். ஆழப் புதைத்தால் பூ குறையும், தண்டு அழுகலும் வரும். மூடாக்குப் போடும்போதும் இது மறந்து போகிறது. ஆண்டுதோறும் அன்போடு அள்ளிப் போடும் மட்கு, தூரின் மேல் ஏறி ஏறிச் செடியை மெல்லப் புதைத்துவிடும். மூடாக்கு வட்டமாகச் சுற்றி இருக்கட்டும், கழுத்தில் படாதபடி. செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி விட்டால் இலைகள் காற்றாடும்.

தண்ணீர் விஷயத்தில் தோட்டக்காரர்கள் பூக்கும் காலத்தில் கவனமாக இருந்து, கோடையில் கைவிட்டுவிடுகிறார்கள். ஹெல்லெபோர் கோடையில் பார்வைக்குச் சும்மா நிற்கும். அடுத்த குளிர்காலத்துக்கான மொட்டுகள் தூருக்குள் உருவாவது கோடையின் பின்பகுதியில்தான். மரத்தின் வேர்களோடு தண்ணீருக்குப் போட்டியிடும் இடத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வாரம் ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சுவது, ஜனவரியில் எந்த உரத்தையும்விட நன்றாகப் பேசும். உரம் ஆண்டுக்கு இருமுறை போதும்: இலையுதிர் காலத் தொடக்கத்தில் மட்கிய தொழு உரமோ எலும்புத்தூளோ, பூ முடியும் சமயம் ஒரு சமச்சீர் உரம். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருத்து அசுவினியை அழைத்து வரும்.

இலையை வெட்டுவதா வேண்டாமா என்ற சண்டைக்கு வருவோம். ஹிப்ரிடஸின் பழைய இலைகள் டிசம்பருக்குள் தரையில் பரந்து படுத்துவிடும். பலவற்றில் பழுப்பு நிறத்தில், வளையம் வளையமாக, காசளவு புள்ளிகள் தெரியும். சில இடங்களில் நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டையாகியிருக்கும். இது பூஞ்சையால் வரும் இலைப்புள்ளி நோய். ஈரமான குளிர்காலத்தில் பழைய இலையிலிருந்து புதிய மொட்டுக்கும் பூக்காம்புக்கும் தொற்றும். எனவே மொட்டு எழும்பும் முன், டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ, பழைய இலைகள் அனைத்தையும் அடியோடு வெட்டி அப்புறப்படுத்துவது வழக்கம். நோய்ப்பட்ட இலை வீட்டு மட்குக் குழிக்குப் போகக் கூடாது. இன்னொரு வசதியும் உண்டு: பூ தெரியும், இலைக்கடியில் ஒளிந்து மொட்டைத் தின்னும் எலிக்கு மறைவிடமும் போகும். எதிர்த்தரப்பின் வாதம், பச்சை இலையை வெட்டுவது செடியின் வருமானத்தைப் பறிப்பது என்பது. குளிர்கால வெயில் கணக்கை மேலே சொன்ன நானே அதை மறுக்க முடியாது. ஆனால் வலுவாகத் தூர் கட்டிய செடி, இலைப்புள்ளி உள்ள ஈரமான தோட்டம் என்றால் வெட்டுவதில்தான் ஆதாயம். நட்டு ஓரிரு ஆண்டே ஆன சிறு செடி, சுத்தமான இலைகள் என்றால் நோய்ப்பட்டதை மட்டும் எடுத்தால் போதும். நைஜருக்கும் அப்படியே, அதன் இலைகள் குட்டை, பூவை மறைப்பதில்லை. ஃபோட்டிடஸ், ஆர்குட்டிஃபோலியஸ் செடிகளில் குளிர்காலத்தில் தண்டை வெட்டுவது பூவையே வெட்டுவதாகும். அவற்றில் பூத்து முடிந்த தண்டை மட்டும், விதை வேண்டாம் என்றால் வசந்தத்தின் முடிவில், அடியில் நறுக்க வேண்டும்.

கடும் உறைபனி விடியலில் பூவும் இலையும் தரையில் சரிந்து, வெந்நீர் ஊற்றியது போலக் கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எழுந்து நிற்கும். விட்டுவிடுங்கள்.

நோய்களில் உண்மையாகவே பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. கறுப்புச் சாவு என்று வளர்ப்பவர்கள் பெயரிட்டிருப்பது. இளம் இலையின் நரம்புகளை ஒட்டிக் கறுத்த கோடுகள் ஓடும், வலைபோலப் படரும், செடி குறுகிக் கோணும். இலைப்புள்ளியின் கறை நரம்பைப் பற்றிக் கவலைப்படாமல் வட்டமாகப் பரவும். இது நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓடும். பார்த்துப் பிரித்தறிய இதுவே எளிய வழி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் இந்த நோயோடு தொடர்புடைய புதிய வைரஸ் ஒன்றை விவரித்தார்கள். பரப்புபவை அசுவினிகள் என்று கருதப்படுகிறது. மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதோ குப்பையில் சேர்ப்பதோதான் வழி. பிடித்த செடியாயிற்றே என்று ஒரு பருவம் பொறுத்துப் பார்ப்பவர், பக்கத்திலிருக்கும் மற்றவற்றையும் பந்தயம் வைக்கிறார். நத்தையும் இலைத்துளைப்பானும் இதற்கு முன்னால் சில்லறைத் தொல்லைகள்.

பெருக்கும் முறையில் விதை, தூர் பிரித்தல், திசு வளர்ப்பு என மூன்று வழி உண்டு. இந்தச் செடியின் வணிக வரலாறும் அதே மூன்று கட்டங்களாகத்தான் ஓடியிருக்கிறது. முதலில் தூர் பிரித்தல்: பெயரிட்ட ரகத்தைச் செப்டம்பரில் தோண்டி, மண் கழுவி, ஒவ்வொரு துண்டிலும் சில கண்களும் நல்ல வேரும் இருக்கும்படி கத்தியால் பிரிப்பார்கள். பிரித்த துண்டு பழைய நிலைக்கு வர ஓரிரு ஆண்டு ஆகும். ஆகவே நல்ல ரகங்கள் சொற்ப எண்ணிக்கையில், கொள்ளை விலையில்தான் கைமாறின. 1960களிலிருந்து இங்கிலாந்தில் மால்வர்ன் அருகே மேத்தன் கிராமத்தில் ஹெலன் பல்லார்ட் செய்த வேலை இந்தச் செடியின் முகத்தையே மாற்றியது. இடைவெளி விட்டு ஒடுங்கிய புல்லிகளுக்குப் பதில், ஒன்றன்மேல் ஒன்று அணைந்து வட்டமான கிண்ணமாக அமையும் பூ. அழுக்கில்லாத மஞ்சள், சுத்தமான வெள்ளை, நீலச்சாயல் கறுப்பு. கென்ட் மாவட்டத்தில் வாஷ்ஃபீல்ட் நாற்றுப் பண்ணை நடத்திய எலிசபெத் ஸ்ட்ராங்மன் 1971இல் மாண்டெனெக்ரோவில் டோர்குவாட்டஸ் இனத்தின் அடுக்குப் பூச்செடிகள் இரண்டைக் கண்டெடுத்தார். டைடோ, ஈனியஸ் என்று பெயர் பெற்ற அந்த இரண்டும் இன்று கடைகளில் நிறையும் அடுக்கு ஹெல்லெபோர்களின் மூதாதைகளில் முக்கியமானவை.

அடுத்த கட்டம் விதை வரிசைகள். ஒரு ரகத்தையே நகலெடுப்பதை விட்டு, நல்ல பெற்றோரைக் கைமகரந்தச் சேர்க்கை செய்து, பிறக்கும் நாற்றுகளை நிறவாரியாக விற்பது. மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியின் ஆஷ்வுட் நாற்றுப் பண்ணையும் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து விண்டர் ஜுவல்ஸ் வரிசையும் இந்த வழியில் பேர் பெற்றவை. இதில் ஒவ்வொரு செடியும் தனி ஆள். அதனால்தான் பூத்திருக்கும்போது நேரில் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். மூன்றாவது, திசு வளர்ப்பு. நைஜரோடு மத்தியதரை இனங்களைச் சேர்த்துப் பிறந்த மலட்டுக் கலப்பினங்கள் இதற்கு நன்றாக இணங்குகின்றன. ஜெர்மனியில் ஹொய்கர் பண்ணையின் தங்க வரிசையும், டெவனில் ராட்னி டேவி உருவாக்கிய பளிங்கு இலை ரகங்களும் இப்படி உலகம் முழுக்கப் போயின. விதை பிடிக்காததால் பூ நீடிக்கும், எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருக்கும், எந்த நாட்டுக் கடையிலும் அதே முகம். நகரத்துச் சிறு தோட்டக்காரருக்கு இது பெரிய வசதி. எனக்கோ நாற்றுப் பாத்தியில் எது எப்படிப் பூக்கும் என்று தெரியாத நிலைதான் இந்தச் செடியின் பாதி சுவாரசியம்.

நிமிர்ந்து பார்க்கும் பூவுக்காக நடக்கும் இனப்பெருக்கத்தையும் இங்கே கேள்வி கேட்க வேண்டும். கவிழ்ந்த பூவைக் குறை என்று எண்ணித் திருத்துகிறார்கள். மழைநீர் தேங்கி மகரந்தம் கெட்டுப்போகும் பூவை, அதுவும் ஈரமான ஜனவரியில் பூப்பதற்கு, உண்டாக்குவதில் என்ன லாபம்? பூவின் முகம் பார்க்க வேண்டுமென்றால் சரிவிலோ, பாதையைவிட உயர்ந்த பாத்தியிலோ நட்டால் ஆயிற்று. அடுக்குப் பூவிலும் ஒரு கணக்கு உண்டு. தேன் குழல்களே புல்லி போன்ற இதழ்களாக மாறுவதால் அடுக்கு உண்டாகிறது. தேன் அதில் கிடைக்காது. பிப்ரவரியில் பசியோடு வெளிவரும் ராணி வண்டுக்காகச் சில ஒற்றைப் பூச்செடிகளும் தோட்டத்தில் இருக்கட்டும்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புபவர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்: விதை புதிதாக இருக்க வேண்டும். மே, ஜூனில் காய் வெடிக்கும்போது சேகரித்து அப்போதே விதைத்தால், கோடை வெப்பத்தில் கரு வளர்ந்து, குளிரில் உறக்கம் கலைந்து, அந்தக் குளிர்காலத்திலேயே முளைக்கும். உலர்த்தி உறையில் போட்டு வசந்தத்தில் விதைத்தால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். முளைக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சதை எறும்புக்கான கூலி. எறும்பு இழுத்துப் போகாத விதைகள் தாய்ச்செடியின் காலடியிலேயே கொத்தாக முளைக்கும். அவற்றை இரண்டாம் இலை வந்ததும் பெயர்த்து நடாவிட்டால் தாயின் நிழலிலேயே நெருக்கி மாயும். முதல் பூவுக்கு இரண்டு மூன்று குளிர்காலம் காத்திருக்க வேண்டும். ஃபோட்டிடஸ், ஆர்குட்டிஃபோலியஸ் இரண்டுக்கும் விதைதான் வழி. அவை தூர் பிரிப்பதை ஏற்பதில்லை, சில ஆண்டுகளில் ஆயுளும் முடிந்துவிடும். ஹிப்ரிடஸ் நல்ல இடத்தில் இருபது ஆண்டுக்கு மேலும் நிற்கும்.

விதை சேகரிக்கும்போது கையுறை தேவை. செடி முழுவதும் நஞ்சு. இதயத்தைத் தாக்கும் ஹெல்லெப்ரின், தோலைப் புண்ணாக்கும் சாறு இரண்டும் உண்டு. முயலும் மானும் ஒதுங்கிப் போவது இதனால்தான். இந்த நஞ்சை மனிதர் பயன்படுத்திய கதை நீளம். ஆர்கோஸ் மன்னன் ப்ரொய்டோஸின் பித்துப் பிடித்த மகள்களை மெலம்பஸ் இதைக் கொண்டு குணப்படுத்தினான் என்பது கிரேக்கப் புராணம். போகிஸ் நாட்டு அண்டிகிரா நகரம் ஹெல்லெபோர் சிகிச்சைக்குப் பேர்போனது. அந்நாளில் ஒருவனைப் பைத்தியம் என்று கேலி செய்ய அண்டிகிராவுக்குப் போ என்றாலே போதுமாயிருந்தது. கிர்ரா நகர முற்றுகையில் குடிநீரில் இதன் வேரைக் கலந்து, காவலர்களை வயிற்றுப்போக்கில் தள்ளி ஊரைப் பிடித்ததாகப் பண்டைக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதுகிறார். மருந்தாகக் கொடுத்தவர்களும் போராயுதமாகக் கொடுத்தவர்களும் ஒரே செடியைத்தான் கொடுத்தார்களா என்பது வேறு விஷயம். பழைய நூல்களின் வெள்ளை ஹெல்லெபோர் முற்றிலும் வேறான வெராட்ரம் செடி. கில்பர்ட் வைட் காலத்துக் கிராமத்துப் பெண்கள் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு ஃபோட்டிடஸ் இலைப்பொடி கொடுத்தார்கள். அது கடுமையான மருந்து என்று அவரே எச்சரித்திருக்கிறார். தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். காலனிய காலத்து மருந்து நூல்களும் பழைய அகராதிகளும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுகுரோகிணியைக் கறுப்பு ஹெல்லெபோர் என்று குறித்துவிட்டன. கடுகுரோகிணி இமயமலையின் பிக்ரோரைசா. இரண்டும் ஒன்றென்று நம்பி யாரும் தோட்டத்து வேரைக் கஷாயத்தில் போட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இச்செடியை முயல்வதில் பொருளில்லை. விதை விழிக்கவே பல வாரக் குளிர் வேண்டும், கோடை வெக்கையில் தூர் வெந்துவிடும். லண்டனிலும் டொராண்டோவிலும் மெல்பர்னிலும் தோட்டம் போட்டிருக்கும் தமிழர்களுக்குத்தான் இந்தக் கேள்வி உண்மையில் எழுகிறது. மெல்பர்னில் பருவம் தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை பூ. இடையிடையே வரும் கோடை அனல்காற்றுக்கு மாலை வெயில் படாத இடமும் தடித்த மூடாக்கும் தேவைப்படும். டொராண்டோவில் பூ மார்ச் கடைசிக்கோ ஏப்ரலுக்கோ தள்ளிப் போகும். அங்கே பனிப்பொழிவு எதிரி இல்லை. மேலே கிடக்கும் பனி போர்வையாகக் காக்கும். பனி விழாத உறைகுளிரும் வறண்ட காற்றும்தான் இலையைக் கருக்குகின்றன. ஆகவே அங்கே டிசம்பரில் இலையை வெட்ட வேண்டாம். கருகிய இலையாக இருந்தாலும் தூருக்கு அது கூரை. பனி உருகி, மொட்டு மண்ணைத் தள்ளும் வாரத்தில் வெட்டினால் போதும்.